குழுவில் உட்கார மறுக்கும் பிள்ளையைப் பற்றி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பஸ் நிலையத்தில் நீ சொன்னதற்கு நான் அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நுவரெலியா பஸ்ஸை ஸ்டார்ட் செய்துவிட்டார்கள், நீயும் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாய். அந்த இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. அதனால் எழுதுகிறேன். உன்னைப்போல முதல் நியமனத்தில் இருக்கிற வேறு யாராவது இதைப் படித்தாலும் எனக்கு மறுப்பில்லை. பிள்ளைகளின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நீ சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் எழுதிவிடுகிறேன். உன் ஆறாம் வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள். ஆறு ஆறு பேராகப் பிரித்து, மழை எப்படி உண்டாகிறது என்பதைப் பெரிய அட்டையில் வரையச் சொன்னாய். "பதினைஞ்சு நிமிஷத்துல நாலு சண்டைம்மா, ஒரு அழுகை. தண்ணி குடிக்கப் போன ரெண்டு பேரு மணி அடிக்கிற வரைக்கும் வரவேயில்ல" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். தாரணி என்ற பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிட்டது. "கூட்டத்துல உக்காருன்னா செவுத்தப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிறா. மத்த அஞ்சு பேரும் வேலைய விட்டுட்டு அவளையே பாக்குறாங்க. ஒருத்தியால மொத்த வகுப்பும் கெடுது. பி வகுப்புக்கு மாத்தச் சொல்லி எழுதி வச்சிட்டேன். தவணை முடியறதுக்குள்ள அதிபர்கிட்ட குடுத்துருவேன்." பி வகுப்பு என்றால் என்ன என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெயர் என்னவோ இன்னொரு பிரிவு என்றுதான். படிப்பு வராது என்று ஒதுக்கி அங்கே அனுப்பப்பட்ட பிள்ளை திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. நீ எழுதி வைத்திருக்கிற அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் சண்டைகளையும் சத்தத்தையும் சொல்லி முடித்துவிடலாம், அவை பெரிய விஷயம் இல்லை. அக்கரப்பத்தனைப் பக்கம் நான் படிப்பித்த பள்ளிக்கூடம் உனக்கு நினைவிருக்கும். ஒரே நீள மண்டபம், வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் ஓர் அலமாரி. நான் குழு வேலை கொடுக்கிற நாட்களில் பக்கத்து மூன்றாம் வகுப்பு டீச்சர் அலமாரிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். "டீச்சர், உங்க பிள்ளைங்க போடுற சத்தத்துல எங்க பிள்ளைங்க ஏழாம் வாய்ப்பாட்டுல தொடங்கி அஞ்சாம் வாய்ப்பாட்டுல முடிக்கிறாங்க" என்பார். அவருக்கு வெட்கப்பட்டு நான் கோடு போடுகிற அடிமட்டத்தால் மேசையைத் தட்டுவேன். அரை நிமிடம் அமைதியாக இருக்கும். பிறகு நான் தட்டியதைப் பற்றியே பேசிக்கொள்வார்கள். இப்படிப் பல வருடம் தட்டிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். வேலை செய்துகொண்டிருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் சண்டை வருவது அபூர்வம். கையில் ஒன்றுமில்லாமல் காத்திருக்கிற பிள்ளையிடம்தான் அது தொடங்குகிறது. ஆறு பேருக்கு ஓர் அட்டையும் ஒரு கத்தரிக்கோலும் கொடுத்தால் இரண்டு பேருக்குத்தான் வேலை. மீதி நான்கு பேரைப் பார்த்து "பொறுமையா இருங்க" என்றால், எதற்காகப் பொறுமையாக இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதன் பிறகு நான் ஒரு குழுவில் நான்கு பேருக்கு மேல் வைக்கவில்லை. காத்திருக்கிறவளுக்கும் ஏதாவது ஒரு வேலை இருக்கும், அட்டையைப் பிடித்துக்கொள்வது, அடுத்த படியை வாசித்துச் சொல்வது, இப்படி. தகரக் கூரையில் மழை விழுகிற மாதங்களில் வாயால் சொல்வதை விட்டுவிட்டுப் படிகளைக் கரும்பலகையில் எழுதினேன். தொடங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்பேன்: "முடிச்சவங்க என்ன செய்வீங்க? முடியாதவங்க யாருகிட்ட கேப்பீங்க?" இதற்கு வகுப்பே பதில் சொல்லிவிட்டால் பாதிச் சத்தம் வராது. மீதிப் பாதி வேலையின் சத்தம், அதை விட்டுவிட வேண்டியதுதான். இவற்றையெல்லாம் நான் சொல்லாவிட்டாலும் ஒரு வருடத்தில் நீயே கண்டுபிடித்துவிடுவாய்.

நீயாகக் கண்டுபிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது. அது நடந்தபோது நீ அந்த வகுப்பில்தான் இருந்தாய். உனக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு, என்னுடைய வகுப்பு. பள்ளிக்கூடத்தில் என்னை அம்மா என்று இல்லாமல் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அதில் நீ மிகவும் கவனமாக இருந்தாய். வீட்டிலும் ஒருநாள் "டீச்சர், பசிக்குது" என்றாய். அந்த வருடம் குழு வேலை கட்டாயம் என்று உத்தரவு வந்திருந்தது, பார்வையிட ஆட்கள் வருவார்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். எனக்கு அமைதியான ஒரு வகுப்பு தேவைப்பட்டது. அதனால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவரை நியமித்தேன். பயிற்சிக் கல்லூரியில் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த தலைவர் யார்? கொழுந்து பறிக்கிற பெண்களுக்குப் பின்னால் நின்று வேலை வாங்குகிற கங்காணி. மறுநாளே சதீஷ் என்ற பையன் அடிமட்டத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு தன் குழுவைச் சுற்றி நடக்க ஆரம்பித்தான்.

"கை ஓடட்டும், கை ஓடட்டும். வாய் அப்பறம்!"

"டீச்சர், இவன் கங்காணி மாதிரி கத்துறான்."

"கங்காணி இல்லடி, பெரிய கங்காணி. ஒழுங்கா வரை."

நான் சிரித்தேன். நிறுத்தச் சொல்லவில்லை, ஏனென்றால் வகுப்பு அடங்கியிருந்தது.

அடுத்த வாரம் நானே ஒரு படி மேலே போனேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள், உனக்குத் தெரியும். பறித்த கொழுந்தை நிறுக்கும்போது அளவு குறைந்தால் அந்த நாள் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். குழு வேலையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுத்து, பாடவேளை முடிகிறபோது மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முடித்தவனுக்கு முழுப்பேர், முடிக்காதவனுக்கு அரைப்பேர். பாதி விளையாட்டாகத்தான் தொடங்கினேன். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. யாரும் தண்ணீர் குடிக்கப் போகவில்லை, யாரும் யாரோடும் பேசவில்லை. ஒருநாள் அலமாரிக்கு மேலால் எட்டிப் பார்த்த டீச்சர், "என்ன டீச்சர், இன்னைக்குப் பிள்ளைங்க வரலையா?" என்று கேட்டார். அன்று முழுவதும் எனக்கு அது பெருமையாக இருந்தது. நானும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள். அரைப்பேரோடு என் அம்மா வந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். அந்தச் சொல் என்ன செய்யும் என்று தெரியாமல் நான் அதை வகுப்புக்குள் கொண்டுவரவில்லை. அது என்ன செய்யும் என்று தெரிந்ததனால்தான் அது எனக்குப் பயன்பட்டது.

உன் குழுவில் நிரோஷா இருந்தாள். தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து நடந்து வருகிற பிள்ளை. தோட்டத்தின் படத்தை வரைகிற வேலையில் உனக்குத் தொழிற்சாலை கிடைத்தது, அவளுக்குத் தேயிலை மலை. ஒரு செடியை வரைந்துவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு அடுத்த செடி. மணி அடிக்கும்போது மலையில் ஒரு மூலையில்தான் தேயிலை இருக்கும். முதல் வாரம் அரைப்பேர், இரண்டாம் வாரமும் அரைப்பேர். மூன்றாம் வாரம் இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் அவளை அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "ஏய் அரைப்பேரு, பந்த இங்கிட்டுப் போடு." அவளும் திரும்பிப் பார்த்துப் பந்தைப் போட்டாள். நான் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவளால் உன் குழுவுக்கு ஒருநாளும் முழுப் பாராட்டுக் கிடைக்கவில்லை. நீதான் தலைவர். ஒருநாள் அவள் கையிலிருந்த பச்சைப் பென்சிலை நீ எடுத்துக்கொண்டாய். பிடுங்கவில்லை. "குடு நிரோஷா, நான் போட்டுத் தர்றேன். நேரம் ஆச்சு" என்று மரியாதையாகத்தான் கேட்டாய். கொழுந்து குறைந்தவளின் கூடையில் பக்கத்து நிரையில் பறிக்கிறவள் இரண்டு கை அள்ளிப் போடுவதை நீ பார்த்து வளர்ந்தவன், அதைத்தான் செய்தாய். ஐந்து நிமிடத்தில் மலை முழுவதும் பச்சையாகிவிட்டது. நான் உன்னை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, "பாத்தீங்களா, ஒருத்தருக்கு ஒருத்தர் இப்பிடித்தான் ஒத்தாசையா இருக்கணும்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். நிரோஷாவும் தட்டினாள். கூடையில் விழுகிற கொழுந்து அந்தப் பெண்ணின் நாளைக் காப்பாற்றும். பென்சிலை வாங்கிக்கொண்டால் அந்தப் பிள்ளைக்கு எது மிஞ்சும் என்று நான் யோசிக்கவில்லை. அடுத்த வாரம் நீ கேட்பதற்கு முன்பே அவள் பென்சிலை நீட்டினாள். அதற்கடுத்த வாரம் பையிலிருந்து எடுக்கவேயில்லை. பிறகு "குழுவா உக்காருங்க" என்று நான் சொன்னதும் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். தவணை முடிகிறபோது நாற்காலியைக்கூடத் திருப்புவதில்லை.

கதைகளில் இப்படி ஒரு பிள்ளை வந்தால் பின்னால் பெரிய ஓவியராகிவிடும். நிரோஷாவிடம் நான் அப்படி எதையும் பார்க்கவில்லை. அவள் மெதுவான பிள்ளை, அவ்வளவுதான். அவளுக்கு வேண்டியிருந்தது இன்னும் பத்து நிமிடம், இல்லாவிட்டால் வரைய வேண்டிய இடம் பாதியாக. இரண்டில் ஒன்றைக் கொடுப்பது எனக்குக் கஷ்டமே இல்லை. உன்னைக் குற்றம் சொல்லவும் இதை எழுதவில்லை. ஒன்பது வயதில் நீ செய்தது நான் கை தட்டிக் கற்றுக்கொடுத்தது. ஆனால் அது அந்த வருடத்தோடு முடிந்துவிட்டது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. போனில் நான் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தால் "குடும்மா" என்று வாங்கி நீயே எழுதி அனுப்பிவிடுகிறாய். வேலை உடனே முடிந்துவிடுகிறது. எனக்கு இன்றைக்கும் அதில் எழுதத் தெரியாது. உன் வகுப்பில் மழைப் படம் பாதியில் நின்றபோது நீ என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை. மூன்று குழுக்களுடையதை நீயே வரைந்து முடித்ததாக நீயாகச் சொன்னாய்.

அந்த வருடம் மூன்றாம் தவணையில் நானும் ஒரு கடிதம் எழுதினேன். நிரோஷா குழுவோடு ஒத்துழைப்பதில்லை, மறுபடி மூன்றாம் வகுப்புக்கே போய் ஒரு வருடம் இருந்தால் அவளுக்கு நல்லது என்று அதிபருக்கு எழுதினேன். நல்ல தமிழில், நிதானமாக எழுதிய கடிதம். வீட்டிலிருந்து யாராவது வந்து சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அதிபர். அவளுடைய அப்பா ஒரு பகல் வேளையில் வந்தார். நல்ல மழை. உரச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க" என்றேன்.

"வேணாங்க டீச்சர், காலெல்லாம் சேறு."

நான் விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"வீட்டுலயும் மெதுவாதாங்க. சோறு ஆறிப் போனப்பறம்தான் திங்கவே ஆரம்பிப்பா. ஆனா இவ தம்பிக்குச் சட்ட மாட்டி விடுறது இவதான். ஒரு நாளும் பொத்தான மாத்திப் போட்டதில்லீங்க."

தாளை அலமாரியின் பக்கத்தில் இருந்த மேசையில் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். அதற்காக ஓர் அடி உள்ளே வந்தார். பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கலாங்களா டீச்சர்? இவ கூட்டத்துல சேர மாட்டேங்கிறாளா, இல்ல இவள சேத்துக்க மாட்டேங்கிறாங்களா?"

குரலில் குறையோ கோபமோ இல்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். இடைவேளையில் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றும் தெரியும், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்றும் தெரியும்.

"அவதான் சேர மாட்டேங்கிறா" என்றேன்.

"டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கையெழுத்துப் போட அவருக்கு வெகுநேரம் ஆனது. ஒவ்வோர் எழுத்தாக எழுதி, ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். வகுப்பில் சத்தம் கூடிக்கொண்டிருந்தது, எனக்குப் பாடமும் இருந்தது. ஆனாலும் நான் காத்திருந்தேன். அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி நானே எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் அது எனக்கு உறைத்தது.

புது வருடத்தில் நிரோஷா அலமாரிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஏழாம் வாய்ப்பாடு சொல்கிற அவள் குரல் சில நாட்கள் எனக்குக் கேட்கும். பார்வையிட வந்தவர் என் வகுப்பில் குழு வேலை ஒழுங்காக நடக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்த வருடம் அவர்கள் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. பிறகு அவள் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும், தோட்டங்களுக்குள் செய்தி போகாத இடம் இல்லை. நான் விசாரிக்கவில்லை. இந்தப் பதினான்கு வருடத்தில் இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

தாரணி நிரோஷா இல்லை. அவளை நான் பார்த்ததும் இல்லை. நீ நினைப்பதுபோல வேறு வகுப்பு அவளுக்குப் பொருந்தக்கூடும், அது எனக்குத் தெரியாது. அதனால் கடிதத்தைக் கொடுக்காதே என்று சொல்ல மாட்டேன். தவணை முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதில் இரண்டு வாரத்தை அவளுக்குக் கொடு என்றுதான் கேட்கிறேன். அவளை ஆறு பேருக்கு நடுவில் உட்கார வைக்காமல் ஒரே ஒரு பிள்ளையோடு உட்கார வை. முடிக்கக்கூடிய அளவில் ஒரு வேலை கொடு. அவள் நிறுத்தினால் நீயும் நிறுத்து, எதையும் கையிலிருந்து வாங்காதே. சுவரைப் பார்த்தே இருந்தாலும் இருக்கட்டும், வகுப்பு அவளைப் பார்ப்பதை நிறுத்துவதற்கு ஒரு வாரம் போதும். மற்ற ஐந்து பேரையும் இடைவேளையில் தனித்தனியாகக் கூப்பிட்டு, முதல்நாள் குழுவில் என்ன நடந்தது என்று கேள். யாரையும் திட்டாமல் கேள். ஐந்து பேரில் ஒரு பிள்ளை சொல்லிவிடும். பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகும் கடிதம் வேண்டும் என்று உனக்குப் பட்டால் கொடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கொடுத்தால், அவளுடைய அம்மாவை வரச் சொல்வார்கள். மலையிலிருந்து நேராக வந்து உன் வகுப்பு வாசலில் நிற்பார். உன்னைவிட வயதில் மூத்தவராக இருப்பார், ஆனாலும் உன்னை மரியாதையாக 'சேர்' என்றுதான் கூப்பிடுவார். நிரோஷாவின் அப்பா என்னிடம் கேட்டதை அவர் உன்னிடம் கேட்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நம் ஆட்களில் அப்படிக் கேட்கிறவர்கள் குறைவு. கேட்காவிட்டால் விட்டுவிடாதே. அந்தக் கேள்வியை நீயே எடுத்துச் சொல். அதற்கு உனக்குத் தெரிந்த பதிலையும், அது உனக்கு எதிராக இருந்தாலும், அவருக்கு விளங்கும்படி சொல். அதன் பிறகு பேனாவைக் கொடு.

அம்மா